அடுத்தவர் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்த கதை

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகம், என் மானத்துக்கு மட்டும் லேசான அடி, நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாயா? சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், போன வியாழக்கிழமை உன் அப்பனை ஸ்கூட்டர் திருடன் என்று போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சிரிக்காதே. அம்மா முந்திக்கொண்டு சொன்னால் கையில் விலங்கும் மாட்டிவிடுவாள் என்றுதான் நானே எழுதுகிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் மார்க்கெட்டில் காய் வாங்கிவிட்டு நம் சாம்பல் நிற வண்டியில் சாவியைப் போட்டேன், திரும்பியது, கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் வண்டி பஞ்சு மாதிரி போகிறது, பிரேக் பிடிக்கிறது, ஹாரன்கூட அடிக்கிறது! நம் மெக்கானிக்கை இத்தனை நாள் திட்டினோமே பாவம் என்று போன் போட்டுப் பாராட்டினேன், அவனும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டான். மறுநாள் காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு ஏட்டு, பின்னால் முகம் சிவக்க ஒரு தையல்காரர், வண்டி அவருடையது, அச்சு அசல் நம்முடையது மாதிரியே. தேய்ந்த சாவி அடுத்தவன் பூட்டையும் திறக்கும் என்று யார் கண்டது. நம்பரைப் பார்க்கவில்லையா என்று ஊரே கேட்கிறது, பதினோரு வருஷமாக ஓட்டுகிற வண்டியின் நம்பரை எவன் பார்ப்பான்.

ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார வைத்து, எதுக்குய்யா எடுத்தே என்று ஏட்டு திரும்பத் திரும்ப அதையே கேட்டார். தெரியாம எடுத்துட்டேன் சார் என்றால், வர்றவன் எல்லாம் இதைத்தான் சொல்றான் என்கிறார். நான் விசிலடித்துக்கொண்டு அந்த வண்டியில் போவது மார்க்கெட் கேமராவில் வேறு பதிவாகியிருக்கிறது, அதை வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தார்களாம். கேஸ் எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டார். மூலையில் ஒரு பெண், உன் வயசுதான், கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்தவள், பழைய ஃபைல்களுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து தண்ணீர் கொடுத்துவிட்டு, ஐயா, இது தையல்காரர் வண்டின்னா உங்க வண்டி எங்கே என்று கேட்டாள். ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். பயத்தில் எனக்கே அது தோன்றவில்லை பார். அவளே ஏட்டைக் கிளப்பிக்கொண்டு போய்ப் பார்த்தாள், நம் ஓட்டை வண்டி மார்க்கெட்டில் இரண்டு வரிசை தள்ளி அநாதையாக நின்றுகொண்டிருந்தது. தையல்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, துடைச்சு வேற வச்சிருக்கீங்களே என்று சிரித்துவிட்டார்.

கோர்ட் இலவச சட்ட உதவி ஆபீசில் மூன்று வாரமாகப் பேப்பர் அடுக்குவதுதான் வேலை, பயிற்சியை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். அலுப்பு எனக்குப் புரியாமல் இல்லை கண்ணு. ஆனால் வருஷக்கணக்காக ஒரே கேள்வியைக் கேட்டுப் பழகினவர்கள் நடுவே, பழகாத ஒருத்தி உட்கார்ந்திருந்ததால்தான் நான் வீட்டுக்கு வந்தேன். உங்கள் ஆபீஸ் பெஞ்சிலும் என்னை மாதிரி ஒரு மண்டு வாய் குழறிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அவனை நினைத்தாவது இந்த மாசம் பொறுத்துப் பார். அதற்கு மேல் உன் இஷ்டம், வந்தாலும் கதவு திறந்துதான் இருக்கும்.

எந்தக் குறையும் இல்லாமல் நல்லா இரு தாயி. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு மறக்காமல் போன் பண்ணு.

இப்படிக்கு,
விடுதலையான உன் அப்பா

பி.கு.: உன்னிடம் மறைக்க மனசு வரவில்லை. மறுநாள் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லப் போனேன். ஃபைல் ஒட்டியே சலித்துவிட்டது என்று முந்தின சாயங்காலமே பயிற்சியை விட்டுவிட்டுப் போய்விட்டாளாம்.