மெம்பர் சொல்லாமல் விட்ட காணி

என் உயிர் வாப்பாவுக்கு, மூத்த மகளின் ஸலாம்.

நீங்கள் அடங்கியிருக்கும் கபுறடிக்குப் பெண்கள் வரும் வழக்கம் நம்மூரில் இல்லை. வந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து கத்தி அழுதிருப்பேன். அதற்கு வழியில்லாமல்தான் எழுதுகிறேன். வீட்டுக்குள்ளே யாரிடமும் சொல்ல முடியாத கதை இது.

உங்கள் மருமகன் இப்போது பிரதேச சபை உறுப்பினர். நீங்கள் பார்த்துக் கட்டிவைத்த அதே ஐஸ் லொறி டிரைவர்தான். இப்போது வெள்ளைச் சேர்ட், சேர்ட்டின் மடிப்புக் கலையாத நடை. ஊரில் எல்லோரும் "மெம்பர்" என்கிறார்கள். நானும் ஒருநாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டேன், மனுசனுக்கு முகமெல்லாம் பூ.

பகடி விட நேரமில்லை எனக்கு. விஷயத்துக்கு வருகிறேன்.

தேர்தல் நேரம், கரையில் மீன்காரரின் வாடிகளுக்குப் பக்கத்தில் கூட்டம் போட்டார்கள். மற்ற வேட்பாளர்கள் எல்லாம் பாலம் கட்டுவேன், லைட் போடுவேன் என்றார்கள். இவர் எழுந்து, "நான் ஐஸ் லொறி ஓட்டினவன். எனக்கிட்ட ஒரு மோட்டார் சைக்கிள் ஈக்கி. பொண்டாட்டிக்கு நாங்க குடியிருக்கிற சீதன வீடு ஈக்கி. அதுக்கு மேல ஒண்டுமில்ல. ஒளிக்கிறதுக்கும் ஒண்டுமில்ல" என்றார். சனம் கைதட்டியது. நான் பெண்கள் பக்கத்தில் இருந்தேன். கடற்கரைக் காணி ஞாபகம் வந்தது. மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைக்கத்தான் ஆசைப்பட்டேன்.

அந்தக் காணியை நீங்கள் கண்மூடுவதற்கு முன் என் பெயருக்கு எழுதியது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த சங்கதி. பேத்தி ஸஹ்ராவுக்குச் சீதன வீடு எழுப்ப உதவட்டும் என்றுதானே கொடுத்தீர்கள்? வேலி அடைத்தது தம்பி, தேங்காய் பறிப்பிப்பது தம்பியின் ஆள். ஆகவே கட்டாரில் இருக்கிற தம்பியின் காணி என்றுதான் ஊர் நினைக்கிறது. இவரும் அப்படியே நினைக்க விட்டுவிட்டார்.

ஆலங்குடாக் கரையைப் போல இங்கேயும் ஹோட்டல் வரப்போகிறதாம். காணியை நீண்ட குத்தகைக்குக் கேட்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை, நடுவால் கடலுக்குப் போகும் ஒழுங்கையை மூட வேண்டும். வாப்பா, அது எந்த ஒழுங்கை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? மீன்காரர் வேலி பாய்ந்து போகக் கூடாது என்று காணியைப் பிளந்து சபைக்கு விட்டுக்கொடுத்தவர் நீங்கள். இந்த மனுசன் இருபக்க வேலிக் கிளையிலும் உரசி உரசி ஐஸ் லொறியைக் கொண்டு போனதும் அந்த ஒழுங்கையால்தான். அதை ஹோட்டலுக்குக் கொடுப்பதா என்று சபையில் எடுத்தபோது, இதில் யாருக்காவது சொந்த நலன் உண்டா என்று தவிசாளர் கேட்டிருக்கிறார்.

"நான் வாயே தொறக்கல்ல" என்று வீட்டில் வந்து சிரிக்கிறார் உங்கள் மருமகன்.

"ஏன் தொறக்கல்ல? காணி என்ட பேர்லதானே ஈக்கி?"

"அதத்தான் நானும் செல்றன். ஒன்ட பேர்ல ஈக்கி, என்ட பேர்ல இல்ல. ஒழுங்கை சபைக்குரியது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? நீ ஒரு கையெழுத்து வெச்சாப் போதும். மகள்ட கலியாணத்த நெனச்சுப் பாரு."

அங்கேதான் என்னைக் கட்டிப்போடுகிறார். மாப்பிள்ளை வீட்டார் கற்பிட்டிக்காரர், நல்ல மனிதர்கள். ஆனால் வீடு எழும்பாமல் நாள் குறிக்க மாட்டார்கள். குத்தகைக் காசு வந்தால் வீடு எழும்பும். ஸஹ்ரா தினமும் நம் வீட்டு வளவில் அத்திவாரம் வெட்டிய இடத்தில் போய் நின்றுவிட்டு வருகிறாள். அந்தப் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

நேற்று மேரியக்கா வந்தா. சண்டை நேரம் வன்னியிலிருந்து வந்து நம்ம கரையில் கருவாடு போட்டுப் பிள்ளைகளை ஆளாக்கியவ. என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, ஒழுங்கையை மூடினா லொறி கரைக்கு வராது. மீன் வெயில்ல கிடந்து நாறிப்போகும். உங்கட மனுசன் இருக்கிறபடியாத்தான் எங்களுக்குத் தைரியம். அவருக்கு இதில ஒரு லாபமும் இல்லையெண்டு ஊருக்கே தெரியும். நீங்கள் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ" என்றா. நான் "ஓம் அக்கா, சொல்றன்" என்றேன். அவ போன பிறகு குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கம், வாப்பா. உடம்பெல்லாம் வெட்கம்.

இவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். சபையில் எழுந்து உள்ளதைச் சொல்லுங்கள், பிறகு வோட்டுப் போடாமல் இருங்கள் என்றேன். "என்ட மானத்தக் கெடுக்கப் பாக்கிறியா? அப்பிடிண்டா நான் என்ட உம்மாட வீட்டுக்குப் போறன்" என்கிறார். போனாலும் போவார். வீடு என்னுடையது, மனுசன் இல்லாத வீட்டை வைத்து நான் என்ன செய்வது? நீங்கள் இருந்திருந்தால் அவர் இந்தப் பேச்சுப் பேசுவாரா? இல்லை, நீங்களும் பேத்தியை நினைத்துப் பேசாமல் இருந்திருப்பீர்களா? எனக்குத் தெரியவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

வியாழக்கிழமை சபை கூடுகிறது. அன்று இவரும் மற்றவர்களும் கை உயர்த்தினால் ஒழுங்கை போச்சு.

இதை நான் மடித்து அலுமாரியில் வைக்கப் போவதில்லை. எழுதி முடித்ததும் ஊர் வட்ஸ்அப் குழுவில் போடுவேன். இவரும் அதில் இருக்கிறார், மாப்பிள்ளையின் மாமாவும் இருக்கிறார். ஸஹ்ரா, என் மகளே, உன் உம்மாவை மன்னிப்பாயா?

மேரியக்கா, நீங்களும் வாசிப்பீர்கள். உங்கள் மெம்பருக்கு இதில் லாபம் இருக்கிறது. ஒழுங்கையின் இருபக்கக் காணியும் என்னுடையது.

வாப்பா, குத்தகைக்குக் கையெழுத்து வைக்க மாட்டேன். அதைச் சபைக்கே போய் என் வாயால் சொல்வேன். இவர் என்னோடு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. எனக்காகத் துஆச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
அந்தக் காணியை உங்கள் கையால் வாங்கிய மகள்,
மெம்பரின் மனைவி.