இருநூறாவது இரவு

நசாவு, பஹாமாஸ்
ஞாயிற்றுக்கிழமை பகல்

அன்பு மகள் நோரீனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டி டில்லியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், நீ வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து எந்தக் கடிதத்தையும் நான் வேறு மாதிரி தொடங்கியதில்லை, இன்று அந்த வரியை எழுதப் போனால் கை ஓட மாட்டேன் என்கிறது. நான் நலம். அப்பா மூச்சு விடுகிறார், பேசுகிறார், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறார். ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம்தான் என்னை உள்ளே விடுகிறார்கள், மிச்ச ஐம்பது நிமிஷமும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே எழுந்துவிடுகிறேன். யார் வெள்ளை உடுப்போடு என் பக்கம் நடந்து வந்தாலும் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து அவர் செருப்பைப் பார்க்கிறேன்.

நேற்று போனில் அவ்வளவு நேரம் பேசினோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ அழுதாய், உன்னைத் தேற்றுகிற மும்முரத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கிற டுனிடினுக்கு இது வந்து சேர இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் அப்பா பிழைத்தாரா இல்லையா என்பது உனக்குத் தெரிந்திருக்கும். அந்த ஒரு தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நாங்கள் மறுபடியும் கப்பலேறியதற்கு உன் அண்ணன் கர்ட்டிஸ் என்ன கத்து கத்தினான் தெரியுமா. "போன மாசந்தானே இறங்குனீங்க, கப்பல்காரன் உங்க ரெண்டு பேரையும் தத்து எடுத்துக்கிட்டானா" என்று கேட்டான். அவனுக்கு என்ன தெரியும். பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கம்பெனிக் கப்பல்களில் நூற்றுத் தொண்ணூற்றாறு இரவு தூங்கியிருக்கிறோம். இருநூறு ஆனால் வைர அட்டை. வைர அட்டை என்றால் ஏறுவதற்குத் தனி வரிசை, துணி துவைப்பது இலவசம், கழுத்துப் பட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்ன நீல ஊசிப் பதக்கம். நீ சிரிப்பாய், சிரி. நாலு இரவுதானே குறைச்சல் என்று வியாழக்கிழமை ஏறி திங்கட்கிழமை இறங்குகிற குட்டிப் பயணம் ஒன்றைப் பதிவு செய்தோம். பயணத்தை முழுசாக முடித்தால்தான் இரவுகள் கணக்கில் ஏறும், நடுவில் இறங்கினால் ஒன்றும் கிடையாது. இது எங்களைப் போன்றவர்களுக்கெல்லாம் மனப்பாடம்.

ஏறின அன்று அப்பா நன்றாகத்தான் இருந்தார். கேபின் கதவில் வழக்கம்போல் காந்தப் பொம்மைகளை எல்லாம் ஒட்டினார், அந்தப் பச்சை ஆமை உட்பட. சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு தட்டு நிறைய அள்ளிக்கொண்டு போன ஒரு புதுமணத் தம்பதியை நிறுத்தி, "முதல் தடவையா? மெதுவா சாப்பிடுங்கப்பா, அது நாலு நாளும் இங்கதான் இருக்கும், எங்கயும் நீந்திப் போயிடாது" என்று வம்பு பண்ணினார். அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள். சிரிக்க வைத்துவிட்டு இவர் ஒரு கேரட் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பசியில்லை என்றார்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கடலில். பதினோரு மணிக்குப் பழைய பயணிகளுக்கென்று வைக்கிற விருந்து. இந்தப் பயணத்தில் இருநூறைத் தொடப்போகிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று மேடையில் இருந்த பெண் சொன்னாள், ஆறு பேர் எழுந்தார்கள், நாங்களும் எழுந்தோம், எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடிப்பதற்குள் அப்பா உட்கார்ந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் முகம் சாம்பல், நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை, இடது கையை மடியில் ஒரு மூட்டையை வைப்பது போல வைத்திருந்தார். கப்பல் டாக்டரிடம் போகலாம் என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வாயத் தொறக்காத லோர்னா. அங்க போனா நாளைக்கு நசாவுல இறக்கி விட்டுருவாங்க. நாலும் போச்சு" என்றார். அவர் சொன்னதைக் கூட நான் மன்னித்துவிடுவேன் மகளே, அதைக் கேட்டு நான் அடங்கிப் போனதைத்தான் மன்னிக்க முடியவில்லை. வாயைத் திறக்காமல் அவரைக் கைத்தாங்கலாகக் கேபினுக்குக் கூட்டிப் போய்ப் படுக்க வைத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன். போர்வை மாற்ற வந்த ரொடெல், பிலிப்பைன்ஸ் பையன், போன பயணத்திலும் எங்கள் கேபினைப் பார்த்துக்கொண்டவன், வாசலில் நின்றே, "மேடம், சார் கலரே சரியில்ல" என்றான். இல்லை, தூங்குகிறார் என்றேன். அவன் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. என்னைத் தாண்டிப் போய்ப் போனை எடுத்து அவசர எண்ணை அழுத்தினான். அப்பா இன்று உயிரோடு இருப்பது அவனால், என்னால் இல்லை.

கப்பல் டாக்டரம்மா வயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு மாரடைப்பு என்றார். அன்று முழுக்க அப்பாவைக் கீழ்த்தளத்தில் வைத்திருந்தார்கள். மறுநாள் காலை நசாவு வந்ததும் மற்றவர்களுக்கு முன்னால் எங்களை இறக்கினார்கள். உனக்குத் தெரியுமே, கரையில் ஆம்புலன்ஸ் வந்து நின்றால் பழைய பயணிகள் எல்லாரும் காபிக் கோப்பையோடு பால்கனிக்கு வந்துவிடுவார்கள். எந்தத் தளம், என்ன வயசு, இதயமா விழுந்தாரா என்று ஆளுக்கொரு ஊகம். நானும் அப்பாவும் எத்தனை தடவை அப்படி நின்றிருக்கிறோம். நேற்று நான் கீழே ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தேன், ஒவ்வொரு பால்கனியிலும் இரண்டிரண்டு பேர். அப்பாவும் பார்த்தார். ஆக்சிஜன் முகமூடியை ஒரு விரலால் தூக்கி, "எட்டாந்தளம், எழுபத்தொண்ணு, இதயம்னு கத்திச் சொல்லு, பாவம், தலையப் பிச்சுக்கப் போறாங்க" என்றார். நான் முகமூடியைத் திரும்ப இழுத்து மூடினேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கப்பல் ஊதியது ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டே, "கரெக்டா கிளம்பிட்டான்" என்றார். எங்கள் பெட்டிகளை ரொடெல் கட்டி அனுப்பியிருந்தான், காந்தப் பொம்மைகளைக் கூட ஒன்று விடாமல் ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தான்.

இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், கர்ட்டிஸுக்கு இன்னும் தெரியாது. எங்களிடம் பாஸ்போர்ட் இல்லை. புளோரிடாவில் ஏறி புளோரிடாவிலேயே இறங்குகிற பயணங்களுக்குப் பிறப்புச் சான்றிதழே போதும், அதனால் காலாவதியான பாஸ்போர்ட்டை நாங்கள் புதுப்பிக்கவே இல்லை. முதல் தடவை வருகிறவர்கள் எல்லாரும் பயந்துகொண்டு ஒழுங்காகப் பாஸ்போர்ட்டோடு வருவார்கள், நாங்கள்தான் பழம் தின்று கொட்டை போட்டவர்களாயிற்றே. இப்போது அப்பாவை நாளை பத்து மணிக்கு நோயாளி விமானத்தில் மயாமிக்கு அனுப்பலாம் என்கிறார்கள், அங்கேதான் அறுவை சிகிச்சை. அவர் நோயாளி, அவரைப் பாஸ்போர்ட் இல்லாமலே ஏற்றிக்கொள்வார்கள். நான் கூடப் போக நம் தூதரகத்திலிருந்து அவசரத் தாள் வேண்டும். கப்பல்காரர்களின் இந்த ஊர் ஆள் மிஸஸ் நோல்ஸ் என்கிற பெண், "காலைல ஏழு மணிக்குத் தூதரக வாசல்ல நில்லுங்கம்மா, நானும் வரேன், பேசிப் பார்ப்போம்" என்றார். கிடைக்குமா என்றால், பார்ப்போம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. தாள் வரத் தாமதமானால் அவர் தனியாகப் பறக்க வேண்டும். விமானத்தில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பக்கத்தில் யார் இருப்பார்.

இனி நான் சொல்லாததைச் சொல்கிறேன். கப்பலில் டாக்டரம்மா, இதற்கு முன்னால் இப்படி வலி வந்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். நேற்று இங்கே டாக்டரும் கேட்டார். இல்லை, வெள்ளிக்கிழமைதான் முதல் தடவை என்றேன். உன்னிடமும் அப்படித்தான் சொன்னேன், அப்பா வழக்கம்போல் பிடிவாதம் பிடித்து டாக்டரிடம் போகாமல் இருந்துவிட்டார் என்றேன். அவர் புத்தி மாறவே மாறாது என்று நீ அழுதுகொண்டே திட்டினாய், நான் ஆமாம் போட்டேன். அது பொய் நோரீன். ஏறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கராஜில் பெட்டிகளை இறக்கும்போது அப்பா படியில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை திரும்பவும் வந்தது. அன்றைக்கு அவராகவே, வாழ்நாளில் தானாக டாக்டர் பேச்சை எடுக்காத மனுஷன், "நாளைக்கு ஒரு எட்டு டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாமா லோர்னா, எனக்கென்னவோ சரியாப் படல" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா. "போனா சும்மா விடுவாரா, அந்த டெஸ்டு இந்த டெஸ்டுன்னு உக்கார வெச்சிடுவாரு. நாலே நாலு ராத்திரி, திங்கக்கிழமை இறங்கினதும் நேரா அங்கதான்." அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நீ சொன்னா சரி" என்றார். அன்று சாயங்காலம் கப்பல்காரர்களின் உடல்நலப் படிவத்தை இருவருக்கும் சேர்த்து நான்தான் கம்ப்யூட்டரில் நிரப்பினேன், எப்போதும் நான்தானே நிரப்புவேன். சமீபத்தில் மார்பு வலி உண்டா என்று இருந்தது. இல்லை என்பதை அழுத்தினேன். நீல ஊசி அவரைவிட எனக்குத்தான் வேண்டியிருந்தது.

இவ்வளவையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். உன்னிடம் எழுத முடிந்தது, அப்பாவின் உயிர் யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம் சொல்லாமல் இருந்தால் நான் என்ன மனுஷி என்று எழுந்து போனேன். இங்கே தலைமை நர்ஸ் மிஸஸ் மாக்ஸி, ஆகிருதியான அம்மா, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பார். அவரிடம் ஞாயிறு, செவ்வாய் இரண்டையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் கோப்புத் தாள்களைப் புரட்டி, "இது எங்களுக்கு நேத்தே தெரியுமேம்மா. உங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமை ஒரு தரம், செவ்வாய்க்கிழமை ஒரு தரம். டாக்டர் அதை வெச்சுத்தான் விமானமே ஏற்பாடு பண்ணாரு" என்றார். அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்து, "ஆனா உங்களுக்குத் தெரியாதுன்னாரே. 'நாந்தான் அவகிட்ட மறைச்சிட்டேன், தெரிஞ்சிருந்தா என்னைக் கப்பலேற விட்டிருக்கவே மாட்டா, அவளை எதுவும் கேக்காதீங்க'ன்னு சொன்னாரு" என்றார். கோப்பில் அப்படியே எழுதியிருந்தது, மனைவிக்குத் தெரியாது என்று. இல்லை, எனக்குத் தெரியும், நான்தான் போக விடவில்லை என்றேன். மிஸஸ் மாக்ஸி கோப்பை மூடிவிட்டு, "டாக்டருக்கு வலி வந்த தேதி தெரிஞ்சாப் போதும்மா. உங்க பத்து நிமிஷம் வந்தாச்சு, உள்ள போங்க" என்றார்.

போனேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார். "நோரீன்கிட்ட நாந்தான் பிடிவாதம் பண்ணேன்னே சொல்லு. அவளுக்கு என்னைத் திட்டித்தான் பழக்கம், உன்னைத் திட்டிப் பழக்கமில்ல" என்றார். பத்து நிமிஷமும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ உடனே கிளம்பி வா என்று எழுதவும் பயமாக இருக்கிறது, வராதே என்று எழுதவும் பயமாக இருக்கிறது, மயாமி டாக்டர் சொல்வதைக் கேட்டு நீயே முடிவு செய். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், டில்லியை ஈரத்தலையோடு வெளியே விடாதே. நீயும் வேலைக்கு ஓடும்போது வெறும் வயிற்றில் ஓடாதே. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள், உனக்கு என் ஆசி எப்போதும் உண்டு, இப்போது அதற்கு என்ன மதிப்பு என்று நீ நினைத்தாலும் உண்டு. ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. இது உன் கைக்கு வரும்போது அப்பா இருந்தால், போனில் அவரை எப்போதும்போல் நன்றாகத் திட்டு, ஒரு சொல் குறைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார். எனக்குள்ள திட்டைத் தனியாக ஒரு கடிதத்தில் எழுதி என் பெயருக்கு அனுப்பு.

உன் அம்மா
லோர்னா