மரத்துப்போன இடது விலா

இண்டூர்,
வைகாசி 9, வெள்ளி.

அன்பு மகள் கோகிலவாணிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம், இந்தத் தடவை அந்த வார்த்தை முழு உண்மை. நீயும் மாப்பிள்ளையும் இரண்டு மாதப் பேத்தியும் கனடாவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போன ஞாயிறு வீடியோவில் நான் சட்டை இல்லாமல் வந்து நின்றதும், விலாவில் தழும்பையும் அதைச் சுற்றிப் பேனாக் கோடுகளையும் பார்த்து அது என்னப்பா என்று நீ கேட்டதும், உன் அம்மா அழுததும், நீ போனை வைத்ததும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஐந்து நாளாக நீ போனை எடுக்கவில்லை, கோபம் நியாயம்தான். எடுத்தாலும் அம்மா நடுவில் புகுந்து அழுவாள், ஒன்றும் முழுசாகச் சொல்ல முடியாது. உன்னோடு படித்த சந்தியா அடுத்த வாரம் அங்கே வருகிறாளாம், அவள் கையில் கொடுத்தனுப்பலாம் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

தை மாதம் வத்தல்மலைக்குப் போய், நமக்கு வருஷா வருஷம் சாமை கொடுக்கும் காளியிடம் ஒரு மூட்டை வாங்கி பைக்கில் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு வளைவில் மூட்டை சரிந்து வண்டி புரண்டது, நான் போய் ஓரக் கல்லில் இடது பக்கமாக மோதிவிட்டேன். காளி எனக்குப் பின்னால் தன் வண்டியில் வந்துகொண்டிருந்தது யார் செய்த புண்ணியமோ. மேலிருந்து வந்த ஜீப்பை நிறுத்தி, என்னைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு தர்மபுரி வரைக்கும், "பேசாதீங்க, மூச்ச மட்டும் வுடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அங்கிருந்து சேலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்து விலா எலும்பு முறிந்து, அதில் இரண்டு எலும்பு இரண்டிரண்டு இடத்தில் உடைந்திருந்தன. மூச்சு இழுத்தால் கத்தி செருகுகிற மாதிரி இருந்தது, இருமவே முடியவில்லை. இருமாவிட்டால் சளி தங்கி நுரையீரல் கெட்டுவிடும், அதுதான் உயிருக்கு மோசம் என்றார் டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும். "எலும்புக்கு பிளேட் வெக்கிறப்பவே, விலாவுக்குக் கீழ ஓடற நரம்பையும் உறைய வெச்சுடறோம் ஐயா, சில மாசத்துக்கு வலி தெரியாது. வெறும் வலி மருந்தாவே குடுத்தா மயக்கத்துல மூச்சு கொறையும்" என்றார். உன் அம்மா பயந்துவிட்டாள். "நரம்பு செத்துட்டா எங்கண்ணன் கையாட்டம் வெளங்காமப் போயிடுமுங்க" என்று கையெழுத்துப் போட மறுத்தாள். நானோ அந்த வலியிலும் கேள்வி கேட்டேன். எதால் உறைய வைப்பீர்கள், உறைந்தது திரும்ப வருமா என்று. நுனி மட்டும் மைனஸ் எழுபது டிகிரிக்குக் குளிரும் ஒரு கம்பியாம், ஒவ்வொரு நரம்பிலும் இரண்டு நிமிடம் வைப்பார்களாம். உள்ளே இருக்கும் இழை பட்டுப்போகும், மேலே இருக்கும் உறை அப்படியே நிற்கும், அந்த உறைக்குள் புது இழை நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டராக வளருமாம். கரும்பு வெட்டின கட்டையில் மறுதாம்பு துளிர்த்து வருவது மாதிரியா என்றேன், சிரித்துக்கொண்டு கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார். சிலருக்கு மரப்பு போக நாளாகலாம், சிலருக்கு எரிச்சலும் வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அப்போதுதான் அம்மா, கோகிலாவைக் கேட்போம் என்றாள். உனக்கு ஏழாம் மாதம், ரத்தக் கொதிப்பு வேறு, சொன்னால் என் மேல் ஆணை என்று வாயை அடைத்தவன் நான்தான். கையெழுத்தும் நானே போட்டேன்.

ஆபரேஷன் முடிந்த முதல் நாள் வலி இருந்தது. இரண்டாம் நாள் காலையில் இருமினேன் கண்ணு, எனக்கே நம்பிக்கை இல்லை, இன்னொரு தடவை இருமிப் பார்த்தேன். உன் அம்மா பக்கத்துக் கட்டில்காரரிடமெல்லாம் போய், இருமிட்டாருங்க என்று சொல்லிவிட்டு வந்தாள். பார்க்க வந்த காளி, "எலும்பு ஒடஞ்சது ஒடஞ்சபடி இருக்குது, வலி மட்டும் எங்கங்க போச்சு?" என்றான். எனக்கும் அதே யோசனைதான். டாக்டரம்மாவைக் கேட்டேன், வலி என்பது சேதிதான் ஐயா, காயம் அங்கேயேதான் இருக்கிறது, சேதி மேலே போகவில்லை என்றார். உன் அம்மாவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு, "உங்க நரம்புக்குச் செஞ்சதையே நம்ம புள்ளைக்கும் செஞ்சுட்டீங்க" என்றாள். குழந்தை பிறந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன், அப்புறம் பச்சை உடம்பு என்று தள்ளினேன், அதற்குப் பிறகு சொல்லத் தைரியம் இல்லை, அதுதான் நிஜம்.

நீ கேட்ட பேனாக் கோடு என் வேலைதான். மார்க்காம்பிலிருந்து முதுகு வரைக்கும் மரத்திருந்தது, கிள்ளினால் யாரோ ஒருத்தர் உடம்பைக் கிள்ளுகிற மாதிரி இருந்தது. ஐஸ் கட்டி வைத்தால் ஈரம் வழிவது கண்ணுக்குத்தான் தெரிந்தது, குளிர் தெரியவில்லை. ஞாயிறுதோறும் துடைப்பக் குச்சியால் தொட்டுப் பார்த்து, தெரிகிற இடத்துக்கும் தெரியாத இடத்துக்கும் நடுவில் கோடு போட்டேன். நாலாவது கோடு வரைக்கும் ஒரு விரல்கடைகூட நகரவில்லை, உன் அம்மா இது என்ன நிலம் அளக்கிற சர்வேயா என்றாள். முதுகு பிடித்திருந்த ஒரு நாள் சுடுதண்ணீர்ப் பையை வைத்தபடி தூங்கிவிட்டேன், விலாவில் கொப்புளம் கண்டதை அம்மா பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. சூடு வைக்காதீர்கள் என்று டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார். வலி இல்லாததும் ஆபத்துதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

நேற்று காலை தோட்டத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். விலாவில், கடைசிக் கோட்டுக்கு உள்ளே மரத்துக் கிடந்த இடத்தில், சுருக்கென்றது. பார்த்தால் கட்டெறும்பு. தட்டிவிடக் கை போனது, தட்டவில்லை. அது இன்னொரு கடி கடிக்கட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், கடித்தது, நன்றாகவே வலித்தது. உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, காளியிடமும் சொல்லவில்லை. முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன்.

ராகி மாவும் பூண்டு லேகியமும் சந்தியாவிடம் கொடுத்திருக்கிறது, லேகியத்தை வெறும் வயிற்றில் சாப்பிடு. பிள்ளைக்குத் தலை நிற்கும்வரை கழுத்தில் கை கொடுத்துத் தூக்கு. ரத்தக் கொதிப்பு மாத்திரையை நீயாக நிறுத்தாதே. தீர்த்தகிரீசுவரர் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த மனதும் தரட்டும். திட்டுவதற்காகவாவது ஒரு போன் செய், கண்ணு.

உன் அப்பா,
மு. பெரியண்ணன்