கீழ்ப்பாறை நத்தைகள்

மார்ச் 3
முப்பது நத்தைகளையும் மறுபடி லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். எல்லா ஓட்டிலும் மேடுமேடாய் வரி, கறுப்புப் பட்டை. மேல்பாறை நத்தைக்குத்தான் அது உண்டு. அலை மோதும் கீழ்ப்பாறையில் இருப்பது சின்னதாய், வழவழவென்று இருக்க வேண்டும். ஆனால் என் கணவன் உக்சியோ இவற்றைக் கீழ்ப்பாறையிலிருந்துதான் எடுத்து வந்தான். கீழ்ப்பாறையிலும் வரி நத்தை உண்டு என்று நான் எழுதி அனுப்பிய கட்டுரை, அதை நம்பிப் பல்கலைக்கழகம் தரப்போகும் வேலை, எல்லாம் இந்த முப்பதில்தான் நிற்கிறது.

மார்ச் 4
என் பேராசிரியை எழுதியிருக்கிறாள்: நத்தைகளை அதே இடத்தில் இன்னொரு தடவை எடுத்து அனுப்பு. உக்சியோவிடம் சொன்னேன். "கடல் சரியில்லடி" என்றான். ஜன்னலுக்கு வெளியே கடல் குளம் மாதிரிக் கிடந்தது.

மார்ச் 9
இன்றும் வெறும் பை. கீழ்ப்பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெர்செபே என்ற கடலுயிரியை வெட்டி விற்றுப் பிழைக்கிறவனுக்குக் கால்சட்டைகூட நனையவில்லை. குளிர்காலம் முழுக்க இப்படித்தானா? நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

மார்ச் 10
கேட்டே விட்டேன்.

"எங்க பொறுக்கினே? உண்மையச் சொல்லு. இது மேல்பாறை நத்தை, ஓட்டைப் பாத்தாலே தெரியுது."

கையிலிருந்த கரண்டியைத் தட்டில் வைத்தான். பிறகு சொன்னான்: "நவம்பர்ல கூட வெட்டிட்டிருந்த தோமேய என் கண்ணு முன்னாடி அலை இழுத்துட்டுப் போச்சே, அதுலேர்ந்து நான் இறங்கல. கால் வரமாட்டேங்குது. நத்தைதானே, எல்லாம் ஒண்ணுதான்னு மேலேயே பொறுக்கிட்டேன்."

ஒண்ணா? அஞ்சு வருஷ உழைப்புடா! கத்தினேன், தட்டை வீசினேன். அவன் துண்டுகளைப் பொறுக்கினான். நாலு மாசமாய் அவனிடம் நான் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை.

மார்ச் 11
யாருக்கும் தெரியாது. அப்படியே விட்டுவிடலாம் — விட முடியுமா? எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போலிருக்கிறது.

மார்ச் 20
கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. நானே இறங்கினேன். அவன் மேலே நின்று கயிற்றைப் பிடித்தான். மறுமுனையை என் இடுப்பில் இரண்டு முடிச்சுப் போட்டிருந்தான்.

"வருது! பாறையோட ஒட்டிக்கோ!"

அவன் கத்திய பிறகுதான் எனக்கு அலை தெரிந்தது. முப்பது எடுத்தேன். அத்தனையும் வழவழப்பு. ஒன்றில்கூட வரி இல்லை.

மார்ச் 21
கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்பினேன். தவறு என்னுடையது என்றே எழுதினேன். வேலை போச்சு. அழுதேன்.

உக்சியோ காலையிலேயே பெர்செபே வெட்டுகிறவர்கள் சங்கத்துக்குப் போய், இனி வேண்டாமென்று உரிமச் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "எனக்குப் பயமா இருக்கு" என்று எல்லாரும் கேட்கச் சொன்னானாம். யாரையும் விடாமல் கிண்டலடிக்கும் கிழவன் செருக்கோகூட, "எனக்குந்தாண்டா" என்றானாம்.

மத்தியானம் உக்சியோ பசியோடு வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சூப் குடித்தான்.