மான் திங்கள்

அக்டோபர் 14, 2014, செவ்வாய்

சூப்பர் மார்க்கெட்டில் மீன் பிரிவுக்கு இன்று ஆளே வரவில்லை. உறைந்த இறால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே கல்லூரி நுழைவுக்கான ஏசிடி தேர்வுக் கணக்குகளை மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். பாதியில் விடை மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து.

முப்பத்தாறுக்கு முப்பது வேண்டும். ஜூனில் எழுதியபோது இருபத்தொன்பது. ஒரே ஒரு மதிப்பெண், ஆட்ரா வெய்ஸ் என்கிற என் கழுத்தில் கத்தி.

தெற்கே, கடலோரத்தில் இருக்கிற அரசுப் பல்கலைக்கழகம் அது. வெளி மாநிலத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் மூன்று மடங்கு. அப்பா உலோகப்பொடி ஆலையில் இரவும் பகலும் நின்றாலும் கட்ட முடியாது. ஆனால் முப்பது எடுத்து, பள்ளிச் சராசரியும் நன்றாக இருந்தால், அந்த அதிகப்படியை உதவித்தொகையாகத் தள்ளிவிடுகிறார்கள். இங்கே பென்சில்வேனியாவில் படிப்பதைவிடச் செலவு குறைந்துவிடும். விண்ணப்பம், ஏசிடி, பள்ளியிலிருந்து மதிப்பெண் பட்டியல் மூன்றும் டிசம்பர் ஒன்றாம் தேதிக்குள் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒருநாள் பிந்தினாலும் கிடையாது.

சிப்பிகளைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றால் அப்பாவுக்குச் சிரிப்பு. "சிப்பிக்கு எதுக்குடி காலேஜு? அது உக்காந்த எடத்தை விட்டே நகராதே." உன்னை மாதிரியே என்று வாய்வரை வந்தது.

அக்டோபர் 25, சனி

எழுதிவிட்டேன். பென்சில் வியர்வையில் வழுக்கியது. அறிவியலில் கடைசி ஐந்தும் குருட்டாம்போக்கு. என்னை எதுவும் கேட்காதே.

நவம்பர் 10, திங்கள்

முப்பது.

திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அம்மாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். முதியோர் இல்லத்து வேலைச் சட்டையோடு வந்து கட்டிக்கொண்டாள், கிருமிநாசினி வாசனையோடு. அப்பா "சரி" என்றார். பிறகு கராஜுக்குப் போய் எதையோ தட்டிக்கொண்டே இருந்தார்.

இனிமேல் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தேன். எங்கே? போன வாரம் வரைக்கும் தொலைவதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. இப்போது இருக்கிறதே.

நவம்பர் 21, வெள்ளி

மதிப்பெண் பட்டியலை அனுப்பச் சொல்லி சோர்க் சாரிடம் கேட்டேன். எங்கள் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர் அவர்தான். மேசை முழுக்கக் காகித மலை, மலை உச்சியில் துப்பாக்கித் தோட்டாப் பெட்டிக்கான விளம்பரத் தாள்.

"ஒண்ணாந்தேதியா? அது மான் திங்கள்மா. அன்னைக்கு எவன் ஆபீஸ் தொறப்பான்? செவ்வாக்கிழமை காலையில மொத வேலையா அனுப்பிடறேன்."

மான் வேட்டை தொடங்குகிற நாளில் யார் வேலை செய்வார்கள், எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

நவம்பர் 27, தாங்க்ஸ்கிவிங்

அத்தை வீட்டில் வான்கோழி விருந்து. எல்லோருக்கும் திங்கட்கிழமை வேட்டையைப் பற்றியே பேச்சு: யார் எந்த மரத்தில் ஏறி மானுக்குக் காத்திருப்பது, எந்த மேட்டில், பனி விழுமா. நான் அவ்வளவு தூரம் போவதைப் பற்றி அத்தை கேட்டதற்கு அப்பா, தட்டைப் பார்த்தபடியே, "கெடச்சா போவா. கெடைக்கலன்னா வீட்ல இருப்பா. ரெண்டும் நல்லதுதான்" என்றார்.

ரெண்டும் நல்லதாம்!

நவம்பர் 30, ஞாயிறு

எழுதினால் மனசு அடங்குமா பார்க்கலாம்.

மதியம் சும்மா அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்தேன். விண்ணப்பம், வந்தது. ஏசிடி, வந்தது. மதிப்பெண் பட்டியல், வரவில்லை. செவ்வாய் போகும், பரவாயில்லை என்று மூடப் போனேன். கீழே ஒரு வரி: அலுவலகம் நாளை வழக்கம்போல் இயங்கும், மாலை ஐந்தோடு உதவித்தொகைக் கணக்கு முடியும்.

வழக்கம்போல்.

அட கடவுளே. மான் திங்கள் எங்களுக்குத்தான். பிறந்ததிலிருந்து அன்றைக்குப் பள்ளி இல்லை, பல் டாக்டர் இல்லை, ஆலையில் பாதிப் பேர் இல்லை. கிறிஸ்துமஸ் மாதிரி எல்லா ஊருக்கும் பொது என்றே வைத்திருந்தேன். எனக்குத்தான் புத்தியில்லை, ஐம்பது வயசு சோர்க் சாருக்குமா? அந்தத் தெற்கத்திக்காரர்களுக்கு எங்க ஊரு மானைப் பத்தி என்ன தெரியும்?

சார் வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தாள். நேற்றே மலைக் குடிலுக்குப் போய்விட்டாராம், அங்கே சிக்னல் கிடையாதாம், செவ்வாய்தான் வருவாராம். பள்ளிக்குப் பூட்டு. முதல்வரும் காட்டில். சாவி வைத்திருக்கிற எல்லோருமே காட்டில்.

சமையலறையில் உட்கார்ந்து அழுதேன், அசிங்கமாக, மூக்கு ஒழுக. அப்பா அங்கேதான் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். துடைத்து முடித்துவிட்டு, நாளைக்குத் தேவையான உடுப்பை எடுத்து வைக்கப் போனார்.

வீட்டிலேயே இருந்தாலும் நல்லதுதானே அவருக்கு. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் தோன்றுகிறது.

டிசம்பர் 1, மான் திங்கள்

விடிந்து எழுந்து வந்தால் அப்பா சமையலறையில். பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஆறிப்போன காபியோடு. இந்த நேரத்துக்கு அவர் மரத்தின் மேல் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து இந்த நாளின் விடியலில் அவரை வீட்டுக்குள் பார்த்ததே கிடையாது. பக்கத்து நாற்காலியில், மானென்று யாரும் சுட்டுவிடாமலிருக்கப் போடுகிற அவருடைய செம்மஞ்சள் மேல்சட்டை. அதன் மேல் சின்னதாக இன்னொன்று, என் பன்னிரண்டு வயசுச் சட்டை.

"மொதல்ல அவங்களுக்குப் போன் போடு" என்றார்.

போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். திங்கட்கிழமை! எடுத்துவிட்டாள்! மான் வேட்டைக்காகப் பள்ளி மூடியிருக்கிறது என்று திக்கித் திக்கிச் சொன்னேன்.

"மானுக்கா?" என்றாள். "மானுக்கு லீவு விடுவாங்களா?"

சிரிக்கிறாளா, நம்பவில்லையா என்று எனக்குப் புரியவில்லை. கடைசியில், ஃபேக்ஸில் வந்தாலும் போதும், ஆனால் பள்ளியிலிருந்து வரவேண்டும், அஞ்சு மணிக்குள் வரவேண்டும், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றாள். அங்கே கடிகாரம் எங்களைவிட ஒரு மணி நேரம் பின்னால், அதாவது எங்களுக்கு ஆறு மணி வரை. இந்தத் தேசம் எனக்குச் செய்த ஒரே உபகாரம்.

சோர்க் சாரின் குடில் எங்கே என்று அப்பாவுக்குத் தெரியும். லாரித் தடம் முடிந்த இடத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்தோம். நான் இதுவரை செய்ததிலேயே பயங்கரமான காரியம் அதுதான். வேட்டையின் முதல் நாள் அன்று அடுத்தவன் காட்டுக்குள் நடப்பது சர்ச்சில் பிரசங்கத்தின் நடுவே பாட்டுப் பாடுகிற மாதிரி. எங்கோ துப்பாக்கி வெடிக்கிறது, எதிரொலி எந்தப் பக்கமென்று தெரியவில்லை. ஒரு மரத்தின் மேலிருந்து யாரோ ஒரு கிழவர் எங்களைப் பார்த்து வாயசைத்துத் திட்டினார். அப்பா தொப்பியைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார். அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

சோர்க் சார் குடிலில் இல்லை. ஓடை, அடுத்த மேடு, இன்னொரு ஓடை. குளிரில் பல் கிட்டிக்கொண்டது. மணி இரண்டு, இரண்டரை. முடியாது, திரும்பிவிடலாம் என்றேன். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு ஹெம்லாக் மரத்தின் மேல் செம்மஞ்சளாக ஒரு பொட்டு. நான் "சார்!" என்று கத்தினேன். அதே நொடி புதருக்குள்ளிருந்து ஒரு கொம்பு மான் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து போயிற்று. நல்ல பெரிய கொம்பு. அவ்வளவு நேரமும் சார் அதைத்தான் குறி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மேலேயிருந்து சார் அப்பாவை எட்டிப் பார்த்தார்.

"டென்னி, உனக்கு மூளை கீளை கழண்டுடுச்சா?"

அப்பா கீழே நின்று சொன்னார்: "இந்தப் பொண்ணு பேப்பரு இன்னைக்கே போகணும். மத்த ஊர்க்காரன்லாம் இன்னைக்கு வேலைதான் செய்யறானாம்."

சாரின் முகம் வெளுத்தது தெரிந்தது. துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். தானும் இறங்கினார். மானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டியில் வரும்போது மட்டும், "எல்லா ஊருக்கும் லீவுன்னுதாம்மா நானும் நெனச்சிட்டேன்" என்றார்.

பள்ளியில் ஹீட்டர் இல்லை. மூன்று பேரும் செம்மஞ்சள் சட்டையோடு ஃபேக்ஸ் இயந்திரத்தைச் சுற்றி நின்றோம். முதல் தடவை லைன் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவையும். மூன்றாவது தடவை தாள் உள்ளே போயிற்று. வெளியே நன்றாக இருட்டியிருந்தது.

போய்ச் சேர்ந்ததா? யாருக்குத் தெரியும்.

டிசம்பர் 3, புதன்

மதிப்பெண் பட்டியல், வந்தது. முதலாம் தேதி என்றே போட்டிருக்கிறது. குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் கேட்காமல் குழாயைத் திறந்துவிட்டேன்.

பிப்ரவரி 6, 2015, வெள்ளி

கிடைத்துவிட்டது. முழுசாக.

அம்மா முதியோர் இல்லம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அப்பா கடிதத்தை நின்றுகொண்டே படித்தார், கண்ணாடி போட்டு, ஒவ்வொரு வரியாக. அப்புறம் பனி தள்ளப் போனார். காலையில்தான் தள்ளியிருந்தார்.

கடிதத்தின் கடைசிப் பத்தி: சராசரி குறைந்தால் உதவித்தொகை நிற்கும். பயம் போய்விடும் என்றா நினைத்தேன்? மூட்டை கட்டிக்கொண்டு கூடவே வருகிறது.

நவம்பர் 30, 2015, திங்கள்

ஊரில் இன்று மான் திங்கள், இங்கே வகுப்பு உண்டு. அப்படி ஒரு நாள் இருப்பதே இங்கே யாருக்கும் தெரியவில்லை. சூடாக வேறு இருக்கிறது, அரைக்கால் சட்டை போட்டுத் திரிகிறார்கள். வேதியியலில் ஏற்கெனவே தடுமாற்றம். பத்து மணிக்குத் தேர்வு. இதில் கவிழ்ந்தால் சராசரி கோட்டுக்குக் கீழே. காலையில் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

அறைக்கு வெளியே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அப்பா. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில், அவருடைய மரத்தின் மேலிருந்து. கிசுகிசுப்பாகத்தான் பேசினார். மரத்தில் உட்கார்ந்து போன் பேசுகிறவன் மடையன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற ஆள்.

"இன்னைக்கு க்ளாஸ் உண்டா?"

"உண்டுப்பா. பரீட்சை."

"சோர்க்கு இந்த வருஷம் எல்லாப் பசங்க பேப்பரையும் தாங்க்ஸ்கிவிங்குக்கு முந்தியே அனுப்பிட்டானாம். ஒன்கிட்ட சொல்லச் சொன்னான்."

"சரிப்பா."

"போ, எழுது. பேசிட்டே இருந்தா மான் ஓடிடும்."

வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் காற்றுச் சத்தம், மரம் லேசாக முனகும் சத்தம், அவர் மூச்சு. மான் ஏதாவது வந்திருந்தால் எப்போதோ ஓடியிருக்கும்.

தேர்வுக்கு நான்தான் கடைசியாக உள்ளே போனேன்.