மூக்காண்டி மாமாவின் வாய்

சங்கரன்கோவில்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் அனுவுக்கு அம்மா மாரிசெல்வி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. சோறு இறங்கவில்லை, கைத்தோல் உரியும்வரை சோப்புப் போட்டுக் கழுவுகிறாய் என்று உன் அறையில் இருக்கும் ஜெஸ்லின் போனில் சொல்லிவிட்டாள். பல் டாக்டருக்குப் படிக்கப் போனவள் கையைத் துவைத்துக்கொண்டிருந்தால் எப்படி?

என் எழுத்து கோழி கிண்டியதுபோல் இருக்கும். சிரித்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். மூக்காண்டி மாமா சாகவில்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து போன வாரமே வீட்டுக்கு வந்துவிட்டார். அதைச் சொல்லத்தான் விடாமல் போன் அடித்தேன். நீ துக்கச் செய்தி என்று நினைத்து போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டாய். ஜெஸ்லின் சொல்லியும் நம்பவில்லையாம். "எங்கம்மாவா? என் ஆட்டுக்குட்டி செத்தப்ப, அது திருவேங்கடத்துக்கு மேயப் போயிருக்குன்னு சொன்ன ஆளுல்லா" என்றாயாம். சரிதான். ஆட்டுக்குட்டியை மறைக்கலாம், மூக்காண்டி அண்ணாச்சியை மறைக்க முடியுமா? அவர் தும்மினால் பூ மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும்.

பரீட்சைக்குப் பல் செட் கட்டிக் காட்ட வேண்டும், கொரோனாவுக்குப் பயந்து வாய் திறக்க ஒருத்தரும் வரமாட்டேன் என்கிறார்கள் என்று அன்றைக்கு அழுதாய். நானும் பூக்கட்டிக்கொண்டே போகிறவர் வருகிறவர் வாயைப் பார்த்தேன். எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தால் யார் பொக்கை என்று எப்படித் தெரியும்? கடைசியில் பக்கத்துக் கடை மூக்காண்டி அண்ணாச்சிதான், நம்ம பிள்ளைக்கு நான் வாரேன் என்று மதுரைக்குப் பஸ் ஏறினார். நீ அளவெடுத்து அனுப்பிய பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது நிஜம். அதே வாரம் கரிவலத்தில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் நிஜம். எங்கே ஒட்டியது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. உன் கைதான் என்று நீ மட்டும் எப்படித் தீர்ப்பு எழுதினாய்?

உள்ளதைச் சொல்கிறேன். ஆள் பாதியாகிவிட்டார். வாசலுக்கு வந்தாலே மூச்சு வாங்குகிறது. ஆனால் பேச்சு குறையவில்லை. நேற்றுப் போனபோது, "ஏட்டி, வாய்க்குள்ள மாவை அப்பி அளவெடுத்துட்டு, ஒம் மவ பல்லைக் குடுக்காம ஓடிட்டாளா? எத்தனை நாளைக்கு இட்லியைக் கரைச்சுக் குடிக்க?" என்று கேட்டார். "சும்ம கெடயும். அந்தப் புள்ளைய ஒண்ணுஞ் சொல்லாதீரும்" என்று ஆறுமுகத்தாய் மதினி அவரை வைதாள்.

அவர் பல் உன் அலமாரியில் தயாராக இருக்கிறதாமே. பரீட்சைக்கும் போகமாட்டேன், ஊருக்கும் வரமாட்டேன் என்கிறாயாமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சரம் கட்டினால் முடிச்சு விழமாட்டேன் என்கிறது.

நான் சொன்னால் நம்பமாட்டாய். அதனால் கூட வைத்திருக்கிற பவுடர் டப்பாவைத் திற. மெழுகுவத்தியை வெந்நீரில் இளக்கி, ஆறவைத்து, அண்ணாச்சியைக் கடிக்கச் சொன்னேன். நோய் போய்விட்டது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். இருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறேன், உனக்குத்தான் பிடிக்குமே. என் கண்ணுக்கு அது கைக்குழந்தை கடித்த மாதிரி இருக்கிறது. உனக்கு அப்படி இல்லை. மேல் ஈறு இடது பக்கம் மேடு, அளவெடுத்த அச்சுல பல் செட் உட்காரவே மாட்டேங்கு என்று எத்தனை நாள் புலம்பினாய். அந்த மேட்டை விரலால் தடவிப் பார். அவர் வாயா, நான் விளையாடுகிறேனா என்று உன் விரலுக்குத் தெரியும்.

தெரிந்ததும் பெட்டியிலிருந்து போனை எடு. பரீட்சை கிடக்கட்டும். நீ ஒன்றும் பேச வேண்டாம். பேசுவதை எல்லாம் நான் பேசிக்கொள்கிறேன், நீ மூச்சு விடுகிற சத்தம் கேட்டால் போதும்.

கோமதியம்மன் உன் கூடவே இருக்கட்டும். கைக்குத் தேங்காயெண்ணெய் தடவு, மக்கா.

இப்படிக்கு,
இந்தத் தடவை விளையாடாத
உன் அம்மா