மொட்டைத்தீவில் இறங்கும் வழி

மேசையின் கடைசி டிராயரில் பழைய தாள்களைத் தேடிக்கொண்டிருந்தேன். மக்ரூன் டப்பாவின் அட்டை மூடி ஒன்று கையில் அகப்பட்டது. முகர்ந்து பார்த்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் முந்திரியும் சர்க்கரையும் லேசாக மணக்கிறது. உள்பக்கத்தில் நீலப் பேனாவில் நீ வரைந்த படம். ஒரு கடற்கரை, அதில் ஒரு மரக்குடிசை, குடிசைக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கும் பனியாறு, தண்ணீருக்குள் பெருக்கல் குறி போட்ட ஒரு பாறை. கீழே உன் கோழிக்கிறுக்கலில் ஒரு வரி: ‘குடிசைப் புகைபோக்கியும் ஐஸோட வலது ஓரமும் ஒண்ணு மேல ஒண்ணா வரணும். வந்தா நேரா கரைக்கு விடு.’

தேட வேண்டி வந்ததே மேனேஜரால்தான். இந்தத் திங்கட்கிழமை வீடியோ காலில் வந்து, “அடுத்த சீசன்ல அந்தத் தீவை மறுபடியும் சேர்க்கணும்மா. பேசஞ்சர்ஸ் கேட்டுக்கிட்டே இருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள லேண்டிங் பிளான் வேணும்” என்றார். எந்தத் தீவு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன் சொந்தப் பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று, மரம் ஒன்றுகூட இல்லாத அந்த இடத்துக்கு நீ வைத்த பெயர் மொட்டைத்தீவு. வடதுருவத்துக்குப் பக்கத்தில், கோடையில் கொஞ்ச நாள் மட்டும் கப்பலை அண்ட விடும் தீவு. நீ கடைசியாகப் படகு ஓட்டிய இடமும் அதுதான்.

இன்று வெள்ளிக்கிழமை. இந்த ஐந்து நாளில் என் மண்டை குழம்பிப்போய்க் கிடக்கிறது. நீ இருந்தால் கூப்பிட்டு நாலு ஏச்சு ஏசிவிட்டாவது தெளிந்திருப்பேன்.

நமக்குக் காலேஜில் ஒரே வகுப்பு, ஜியாலஜி. நீ கீழவைப்பாரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தாய். நான் சாத்தான்குளத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் இருந்தேன். வாத்தியார் வீட்டுப் பெண் என்று என்னை நீ பண்ணாத கேலி இல்லை. படிப்பு முடிந்து நீ கப்பலுக்குப் போனாய், நான் கப்பல் ஆபீஸுக்குப் போனேன். எங்கெங்கோ சுற்றிவிட்டு இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் வந்து விழுந்தோம். பனிக்கடலுக்குப் பயணிகளைக் கூட்டிப் போகும் சின்னக் கப்பல் அவர்களுடையது. அதிலிருந்து ஆட்களைக் கரைக்குக் கொண்டு போகும் ரப்பர் படகுகளுக்கு நீ பொறுப்பு. நான் இங்கே, ஹார்பர் ரோட்டில் ஒரு இரண்டாவது மாடியில், மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டு, அங்கே எந்தக் கரையில் யார் எப்போது கால் வைக்கலாம் என்று திட்டம் எழுதுகிறவள்.

“ஐஸையே ஜூஸ் கடையிலதான் பாத்திருக்கா. இவ பிளான் போட்டு நான் போவணுமாம்” என்று லீவில் வரும்போதெல்லாம் ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வாய்.

“ஏலே, நீ மட்டும் என்ன பனிக்குள்ளயா பொறந்த?” என்பேன்.

“பனிமய மாதாவுக்குத் தேர் இழுத்தவன்ளா நான். எனக்கா பனி தெரியாது?” என்று நெஞ்சைத் தட்டிக்கொள்வாய்.

ஒரு தீவில் இரண்டு மணி நேரம் ஆளை இறக்கி ஏற்றுவதற்கு எத்தனை எழுத்து வேலை என்று வெளியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்த ஊர் கவர்னர் ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும். துப்பாக்கிக்காரர்கள் முதலில் இறங்கி வெள்ளைக்கரடி எதுவும் இல்லையென்று பார்க்க வேண்டும். வேறு ஊர் விதை எதுவும் ஒட்டிக்கொண்டு போய்விடாமல் பயணிகளின் பூட்ஸை மருந்துத் தண்ணீரில் கழுவ வேண்டும். பாசியை மிதிக்கக் கூடாது, ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்து வரக் கூடாது. மூடுபனி வந்தால் என்ன செய்வது, அலை எழுந்தால் என்ன செய்வது, இந்தக் கரை சரிப்படாவிட்டால் எந்தக் கரைக்குப் போவது என்று எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கும். படகு எந்த வழியாகக் கரைக்குப் போவது? மொட்டைத்தீவைச் சுற்றி யாரும் சரியாக ஆழம் அளந்ததில்லை. கடல் வரைபடத்தில் அந்தக் கரையோரம் வெறும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

அதற்குத்தான் உன் குறி. “எங்க அப்பா காலத்துல எந்த மெஷின் இருந்துச்சு? கோயில் கோபுரமும் தண்ணி டேங்கும் ஒண்ணு மேல ஒண்ணா வந்தா வழி சுத்தம். ரெண்டும் பிரிஞ்சா பாறைகிட்ட வந்துட்டன்னு அர்த்தம்” என்பாய். படகில் ஆழம் காட்டும் கருவி இருக்கிறதே என்று கேட்டால், “அலையில படகு குதிக்கையில எவன்ளா திரையப் பாப்பான்? கண்ணு கரையிலதான் இருக்கணும்” என்று வாயை அடைத்துவிடுவாய். மொட்டைத்தீவில் கோபுரம் ஏது? அங்கே வேட்டைக்காரன் எவனோ விட்டுப்போன குடிசையின் புகைபோக்கியை முன்குறியாகவும், பின்னாலிருந்த பனியாற்றின் வலது ஓரத்தைப் பின்குறியாகவும் பிடித்தாய். முதல் தடவை இறங்கிவிட்டு வந்த லீவில் இதே மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, எனக்கென்று வாங்கி வந்த மக்ரூனைப் பாதிக்கு மேல் நீயே தின்றுவிட்டு, மூடியில் இந்தப் படத்தை வரைந்து கொடுத்தாய். “கரை எங்கயும் ஓடிப் போவாது. பத்திரமா வச்சுக்கோ” என்றாய். நானும் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று சீசன் கப்பல் அந்தப் பக்கம் போகவில்லை. நாலாவது சீசனில் தீவு மறுபடி பட்டியலில் வந்தது. உன் மூடியைப் பார்த்து வழியை அப்படியே எழுதினேன். படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: குறிகள் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டன? உனக்கு ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டிருக்கலாம். புது சாட்டிலைட் படம் ஒன்றை வாங்கிப் பார்த்திருக்கலாம். அன்றைக்கு வேலை குவிந்து கிடந்தது. ‘இந்த சீசன்’ என்று அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

நீ அதைப் படித்தாய், நம்பினாய். மூடுபனி விட்டு விட்டு வந்த ஒரு காலையில், புகைபோக்கியும் ஐஸ் ஓரமும் ஒன்று மேல் ஒன்றாக வந்ததும் நேராகக் கரைக்கு விட்டாய். படகு பாறையில் ஏறிச் சரிந்தது. வயதான ஒரு அம்மா தண்ணீரில் விழுந்தார். அந்தத் தண்ணீரில் மனித உடம்பு சில நிமிஷம்தான் தாங்கும். நீ குதித்து அவரைத் தூக்கினாய். நல்லவேளை, அவர் பிழைத்துக்கொண்டார். விசாரணையில் நீ எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு வரி: என் கண் தப்பிவிட்டது. உன்னைப் படகு வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஊருக்கு வந்தாய். நான் என்ன செய்தேன்? கேலி செய்தேன். “நாப்பத்தஞ்சு ஆயிட்டுல்லாலே, வெக்கப்படாம கண்ணாடியப் போடு” என்றேன். கண் டாக்டரிடம் நானே நேரமும் வாங்கிக் கொடுத்தேன். போய்விட்டு வந்து, “லேசா பவர் இருக்காம்ளா” என்று சிரித்தாய். அதன்பிறகு நீ கப்பலுக்கே போகவில்லை. ஊரிலேயே படகு எஞ்சின் ரிப்பேர் பார்த்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அடக்கத்தன்று உன் மனைவி ரோஸ்லினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் கை என் முதுகில் படவே இல்லை. துக்கத்தில் மரத்துப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமைதான் சாட்டிலைட் படங்களை வாங்கினேன். நீ மூடியில் வரைந்த வருஷத்துப் படத்தின் மேல் விபத்து நடந்த வருஷத்துப் படத்தை வைத்துப் பார்த்தேன். பனியாறு உள்வாங்கியிருந்தது. அதன் வலது ஓரம் இடப்பக்கமாக நன்றாகவே ஒதுங்கியிருந்தது. பின்குறி இடப்பக்கம் போனால், குடிசையைத் தாண்டிக் கடலுக்கு வரும் கோடு வலப்பக்கம் சாயும். ஸ்கேலை வைத்துக் கோடு போட்டேன். நீ பெருக்கல் குறி போட்ட பாறையின் மேலேயே போய் விழுந்தது. எனக்கு நம்பிக்கையில்லாமல் மூன்று தடவை அழித்து அழித்துப் போட்டேன். உன் கண் தப்பவே இல்லை. நீ குறியைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறாய்.

இரண்டு பேரும் ஜியாலஜி படித்தவர்கள். பனியாறு நகரும், உருகும், பின்வாங்கும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவர்கள். ஆனால் குறி என்று வந்ததும் இரண்டு பேர் புத்தியும் கீழவைப்பார்க் கரையிலேயே நின்றுவிட்டது. கோயில் கோபுரம் நகர்ந்து நாம் கண்டதில்லையே! பனிக்கட்டியைக் கோபுரமாக நினைத்துக் குறி பிடிக்கிற மடத்தனத்தை நம் ஊர்க்காரர்கள் தவிர யார் செய்வார்கள்?

அப்புறம்தான் வேறொன்று உறைத்தது. நீ அந்தக் காலையில் அங்கேயே நின்றவன். மூடுபனி விலகினதும் ஐஸ் எங்கே நிற்கிறது என்று பார்த்திருப்பாயே. பிறகு ஏன் கண் என்று எழுதிக் கொடுத்தாய்? இரண்டு நாள் இதையே போட்டு உழப்பிக்கொண்டிருந்துவிட்டு, நேற்று லீவு போட்டுக் கீழவைப்பாருக்குப் போனேன்.

ரோஸ்லின் உட்காரச் சொல்லி கலர் சோடா உடைத்துக் கொடுத்தாள். போனில் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கட்டத்தில் நான் பார்க்காமலே எழுதியதையும் சொன்னேன். அவள் போனைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியும்க்கா” என்றாள்.

“என்ன தெரியும்?”

“வந்த அன்னைக்கே சொன்னாவ. ஐஸு உள்ள போயிட்டு, குறி மாறிட்டு, கண்ணுல ஒண்ணுமில்லன்னு. கண் டாக்டரும் ஒரு கொறையும் இல்லன்னுதான் சொன்னாரு.”

“பொறவு ஏன் அப்படி எழுதிக் குடுத்தான்?”

“நானும் கேட்டேன். ‘உள்ளதச் சொன்னா, சரிபாத்ததா எழுதுனது யாருன்னு கேப்பான். அவ வேலை போயிரும். வேலை போனாக்கூட வேற பாத்துக்கிடுவா. தன்னால ஒரு உசுரு போவப் பாத்துச்சுன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா’ன்னாவ. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ.”

போனைக் கவிழ்த்து வைத்தேன். அவளே மறுபடியும் பேசினாள்.

“நீங்களா என்னைக்காவது வந்து கேப்பியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்க்கா. நீங்க கண்ணாடி போடுன்னு கேலி பண்ணிட்டுப் போவிய. அவிய சிரிப்பாவ. எனக்கு வயிறு எரியும்.”

மன்னித்துவிடு என்று அவள் கையைப் பிடித்தேன். “என்கிட்ட ஏன்க்கா கேக்கிய?” என்றாள். பிறகு பாட்டிலை என் பக்கம் நகர்த்தி, “குடிங்க, சூடாயிரும்” என்றாள். அழுதுகொண்டே குடித்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார்.

இன்று காலை திட்டத்தை எழுதி முடித்தேன். ஐஸைக் குறியிலிருந்து எடுத்துவிட்டேன். முதல் படகு பயணிகள் இல்லாமல் போய் ஆழம் பார்த்துவிட்டு வந்த பிறகே மற்றவர்கள் ஏற வேண்டும் என்று எழுதினேன். அதோடு இன்னொரு மெயிலும் போட்டேன். அந்த விபத்து அறிக்கையைத் திருத்த வேண்டும், படகு ஓட்டியவர் மேல் தவறில்லை, சரிபார்க்காமல் எழுதியது நான்தான் என்று.

அரை மணி நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டார். “இப்ப எதுக்கும்மா இதக் கிளப்புற? எப்பவோ முடிஞ்சுபோன கேஸ். ஆளும் இல்ல.”

“ஆளு இல்லங்கதுக்காக என் தப்பு அவன் பேர்ல கிடக்கலாமா சார்?”

“மேல அனுப்புறேன். ஆனா உனக்கு நல்லதில்ல” என்று வைத்துவிட்டார். மெயிலை ரோஸ்லினுக்கும் அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டாள், பதில் இல்லை.

வேலை இருக்குமா போகுமா, தெரியவில்லை. அதைவிட உன்னைத்தான் எனக்குப் புரியவில்லை. என்னைக் காப்பாற்றினாயா, இல்லை, இவள் இவ்வளவுதான் என்று மட்டமாக எடை போட்டாயா? உன்னை நினைத்தால் அழுகை வருகிறது, அதே மூச்சில் அப்படி ஒரு கோபமும் வருகிறது. கடலை விட்டுக்கொடுத்தாய், உன் பேரை விட்டுக்கொடுத்தாய், என் கேலியையும் வாங்கிக்கொண்டாய். யாரைக் கேட்டுச் செய்தாய்? உனக்கு நான் நன்றி சொல்வதா, ஏசுவதா? ஒன்றுக்கு வாயெடுத்தால் மற்றது வந்து நிற்கிறது.

தாங்க மாட்டாள் என்றாயாமே. செவ்வாய்க்கிழமையிலிருந்து தாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்லே. சோறு இறங்கவில்லை. ஆனாலும் காலையில் எழுந்து, தலை வாரி, வேலைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீ உயிரோடு இருக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இரண்டு பேருமாகச் சேர்ந்து தாங்கியிருப்போம்.